பிராஞ்சில் பேச்சுத்துணையே இல்லை, இதை எதிர்பார்ப்பது தப்பா?

தாமிரபரணிக்காரன்

அரசு வங்கி ஒன்றில் ஆபிசராக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போன வருஷம் டிரான்ஸ்ஃபரில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு பிராஞ்சுக்கு வந்தேன். மனைவிக்கு ஊரிலேயே பள்ளிக்கூட வேலை, குழந்தையும் அவளோடு. நான் இங்கே ஒரு மாடி ரூமில். டிரான்ஸ்ஃபர், தனி ரூம், மெஸ் சாப்பாடு எல்லாம் இந்த வேலையில் சேரும்போதே தெரிந்ததுதான், அதைப் புலம்ப இங்கே வரவில்லை.

என் பிரச்னை பிராஞ்சுக்குள்ளே. மேனேஜர், நான், ஹெட் கேஷியர், ஒரு பெண் கிளார்க், பீகாரிலிருந்து வந்த ரெண்டு பையன்கள், ஒரு சப்-ஸ்டாஃப், மொத்தம் ஏழு பேர். யாரும் கெட்டவர்கள் கிடையாது. சண்டையோ கோஷ்டியோ எதுவும் கிடையாது. ஆனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. காலையில் ஸ்ட்ராங் ரூம் திறக்க ரெண்டு சாவி வேண்டும், ஒன்று என்னிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். சேர்ந்து போய், அவர் ஒரு சாவி போட, நான் ஒரு சாவி போட, பணத்தை எடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து. சாயங்காலம் மறுபடியும் அதேபோல உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். தினம் ரெண்டு வேளை தோள் உரசி நிற்கிற மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. "சார், சாவி" என்பார். "வரேன் சார்" என்பேன். அதோடு சரி.

மதியச் சாப்பாடும் ஒவ்வொருவராகத்தான். கவுண்டர் காலியாக இருக்கக்கூடாது என்பதால் ஒருத்தர் போய்விட்டு வந்த பிறகுதான் அடுத்தவர் போகலாம். பின்னால் ரெகார்டு ரூமில், பழைய வவுச்சர் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை கிடக்கிறது. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து எதையாவது பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறோம். பீகார்க்காரப் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மேனேஜருக்கு ஒரு டார்கெட் கால் முடிந்தால் அடுத்த டார்கெட் கால்.

இதற்கு முன்னால் மதுரையில் இருந்த பிராஞ்சில் வேலை இதைப்போல ரெண்டு மடங்கு. மாதத் தொடக்கத்தில் பென்ஷன்காரர்கள் வரும்போது நிற்க இடம் இருக்காது. அங்கே எனக்கு இப்படி ஆனதே இல்லை. இப்போது ஞாயிறு மதியம் தாண்டினாலே வயிற்றைப் பிசைகிறது. தூக்கம் சரியில்லை. கஸ்டமர் ஒரு விஷயத்தைத் திரும்பக் கேட்டால் சுள்ளென்று வருகிறது.

மனைவியிடம் சொன்னால் "ஆபிசுக்கு வேலை பாக்கத்தானே போறீங்க, பேசவா போறீங்க" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆபிசில் பேச்சுத்துணை எதிர்பார்ப்பது சின்னப்பிள்ளைத்தனமா? இல்லை, அது இல்லாமல் போனால் உடம்பும் மனசும் கெடும் என்பது நிஜமாகவே உண்டா? உண்டென்றால் நான் என்ன செய்ய முடியும்? பிறந்தநாள் கேக் யோசனை மட்டும் வேண்டாம். வெட்டிப் பார்த்தாயிற்று, ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு அவரவர் சீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பழைய லெட்ஜர்

தம்பி, தப்பே இல்லை. நான் எண்பதுகளில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ரிட்டயர் ஆனவன். எங்கள் காலத்தில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று என் வயசுக்காரர்கள் அடித்து விடுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாங்களும் உங்களைப் போன்ற ஆட்கள்தான், வேலை எங்களைச் சேர்ந்து உட்கார வைத்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் சேவிங்ஸ் லெட்ஜர் என்றால் கணக்குக்கு ஒரு பக்கம். வவுச்சரைப் பார்த்து ஒருத்தர் போஸ்டிங் போடுவார், ஆபிசர் செக் பண்ணுவார். அப்புறம் பேலன்சிங் என்று ஒன்று வரும். எல்லாக் கணக்கின் பாக்கியையும் எழுதிக் கூட்டினால் ஜெனரல் லெட்ஜர் என்ற மொத்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற தொகையோடு பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். முதல் தடவையில் ஒத்துப்போனதாக எனக்கு நினைவே இல்லை. ஒருத்தர் லெட்ஜரைப் பிரித்து எண்ணைப் படிப்பார், இன்னொருத்தர் டிக் அடிப்பார், மூன்றாவது ஆள் ரெண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், 54 என்பதை 45 என்று எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பற்றில் போவதற்குப் பதிலாக வரவில் போயிருக்கிறதா என்று தேட வேண்டும். அதுவும் இல்லையா, டீ சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு "கிடைச்சிருச்சு" என்று யாராவது கத்தும்போது, யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யாருக்கு மாமனாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் பேசித் தீர்த்திருப்போம். அரையாண்டு குளோசிங் பற்றிக் கேட்கவே வேண்டாம், வட்டியைக் கையால் போட்ட காலம், பரோட்டா பார்சல் வராத குளோசிங் கிடையாது.

எல்லா பிராஞ்சையும் ஒரே கம்ப்யூட்டர் கணக்கில் இணைக்கிற கோர் பேங்கிங் வந்ததும் அத்தனையும் மெஷினுக்குள் போய்விட்டது. போனது நல்லதற்குத்தான், அந்த லெட்ஜர்களைத் தூக்கி என் முதுகு போன கதை எனக்குத்தான் தெரியும். ஆனால் இப்போது உங்களுக்கு ஒரு லாகின், ஒரு க்யூ, ஒரு டார்கெட். பக்கத்து சீட்டுக்காரர் லீவில் போனாலும் உங்கள் வேலை ஓடும். பழைய முறையில் மிச்சம் இருப்பது அந்த ரெண்டு சாவி மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி எட்டு மணிக் கச்சேரியில் எங்கள் பிராஞ்சுப் பெண்கள் இருந்ததில்லை, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். டீ வாங்கி வந்த பியூன் நின்றுகொண்டேதான் குடிப்பார். எனவே அது எல்லாருக்குமான சொர்க்கம் ஒன்றுமில்லை.

அப்புறம், உங்கள் பிராஞ்சில் நகைக்கடன் இருக்குமே. மூலையில் உரைகல்லும் தராசும் வைத்துக்கொண்டு, நகையை மதிப்பிடுகிற அப்ரைசர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவரை நீங்கள் ஏழு பேரில் சேர்க்கவே இல்லை பாருங்கள். கமிஷனுக்கு உட்கார்கிற உள்ளூர்க்காரர், ஊரில் யார் எவர் என்று அவருக்குத் தெரியாதது இருக்காது. முதலில் அவரிடம் பேச்சுக் கொடுங்கள்.

ஹெட்செட் கழுத்தன்

நான் பேங்க் ஆள் இல்லை, கால் சென்டரில் டீம் லீடாகக் குப்பை கொட்டியவன். உங்கள் போஸ்டில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு வரி இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஒவ்வொருவராகப் போவது. என்னைக் கேட்டால் பாதி வியாதி அங்கேதான்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லேண்ட் என்ற பேராசிரியர் ஒரு வேலை செய்தார், 2012-ல் அதைப் பற்றி எழுதினார். அதுவும் ஒரு பேங்கின் கால் சென்டர்தான். ஊழியர் கழுத்தில் ஒரு பேட்ஜ் மாட்டிவிட்டார்கள். யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதை அது பதிவு செய்யும், என்ன பேசுகிறார்கள் என்பதை அல்ல. எந்த டீம் நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தால், மீட்டிங் இல்லாத நேரத்தில் தங்களுக்குள் சகஜமாகப் பேசிக்கொள்கிற டீம்தான். அங்கேயும் உங்கள் பிராஞ்சு மாதிரியே, போன் எடுக்க ஆள் இல்லாமல் போய்விடும் என்று பயந்து பிரேக்கை ஆளுக்கொரு நேரமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு டீம் முழுக்க ஒரே நேரத்தில் காபிக்குப் போகட்டும் என்று மாற்றினார்கள், வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு போன் அழைப்பை முடிக்க ஆகிற சராசரி நேரம் மொத்த சென்டரிலும் 8 சதவீதம் குறைந்தது, பின்தங்கிய டீம்களில் 20 சதவீதத்துக்கும் மேல். ஊழியர்களின் திருப்தியும் கூடியது.

ஏன் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது, உள்ளே இருந்தவனுக்குப் புரியும். காதில் ஹெட்செட்டோடு ஒருத்தன் கண்டபடி திட்டுவான், நீங்கள் சாரி சார் சாரி சார் என்று கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அந்த அழைப்பை முடித்துவிட்டு வெளியே வந்து டீக்கடையில் "டேய், இப்ப ஒருத்தன் பேசினான் பாரு" என்று சொல்லி ரெண்டு பேர் சிரித்துவிட்டால் அது அங்கேயே கழிந்துவிடும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் அடுத்த கஸ்டமர் தலையில் இறங்கும், அங்கேயும் இறங்காவிட்டால் ராத்திரி உங்கள் தலையணைக்கு வரும். தெரியாத ஒன்றையும் அங்கேதான் கேட்போம். சூப்பர்வைசரிடம் டிக்கெட் போட்டால் அரை நாள் ஆகும், பக்கத்தில் டீ குடிப்பவன் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவான்.

உங்கள் மேனேஜரிடம் "ஒற்றுமை", "டீம் ஸ்பிரிட்" என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள், காதிலேயே விழாது. சாப்பாட்டை ரெண்டு பேட்சாகப் பிரிக்கலாமா என்று மட்டும் கேளுங்கள்.

தள்ளி நில்

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் எதிர்ப்பக்கம் ஒன்று எழுதிவிட்டுப் போகிறேன். ஆபிசில் நட்பு என்பதை ரொம்ப உயர்த்தி வைக்காதீர்கள். நான் ஒரு அரசு அலுவலகத்தில் பல வருஷமாக இருக்கிறேன். உங்கள் பிராஞ்சு அமைதி எனக்குக் கிடைத்தால் கோயிலுக்கு மாலை வாங்கிப் போடுவேன்.

எங்கள் செக்‌ஷனில் நட்பு எப்படித் தொடங்கும் தெரியுமா? "சொந்த ஊர் எது?" அடுத்து "அந்த ஊரில் எந்தப் பக்கம்?" அடுத்து "அப்பா பேர்?" எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பதில் பிடித்திருந்தால் சாப்பாட்டு மேஜையில் இடம், பிடிக்கவில்லை என்றால் சிரித்த முகத்தோடு வேறு மேஜை. பெண்ணாக இருந்தால் கூடவே "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

இதைத் தாண்டி ஒரு நட்பு நிஜமாகவே நெருங்கினால் அடுத்தது கையெழுத்து. ஊழியர் சிக்கன நாணயச் சங்கத்தில் லோன் எடுக்க ஜாமீன் போட வேண்டும், "உங்களைத் தவிர யாரைக் கேட்பேன் மேடம்" என்பார்கள். என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட ஒருவருக்காக என் தோழி ஒருத்தி ஜாமீன் போட்டாள். அவர் தவணை கட்டாமல் நீண்ட லீவில் போய்விட, இவள் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்தது. பணம் போனதைவிட, அதற்குப் பிறகு அந்த செக்‌ஷனில் யார் பக்கம் யார் என்று ரெண்டாகப் பிரிந்து நின்றதுதான் அவளை உருக்குலைத்தது.

பார்த்தால் ஒரு வணக்கம், வேலையில் ஒரு உதவி, போகும்போது "வரேங்க". இது போதும். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் வெளியே தேடுங்கள், ஷட்டில் ஆடுங்கள், நூலகத்தில் போய் உட்காருங்கள். சம்பளம் வாங்குகிற இடத்திலேயே மனசையும் வைத்தால், நாளைக்கு ஒரு பிரமோஷன் தகராறில் ரெண்டும் சேர்ந்து அடிபடும்.

தாமிரபரணிக்காரன்

மேடம், ஜாமீன் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, எங்கள் சொசைட்டியிலும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் நீங்கள் "இது போதும்" என்று சொல்கிற அந்த வணக்கமும் "வரேங்க"வும்கூட இங்கே இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ராத்திரி டூட்டி

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மேலே மேடம் சொல்வதும் சரி, லெட்ஜர் ஐயா சொல்வதும் சரி, ரெண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

எம்.எஸ்சி. படிக்கும்போது வொயிட்ஹால் ஆய்வு என்று ஒன்று எங்களுக்கு இருந்தது. லண்டனில் அரசு அலுவலக ஊழியர்கள் 10,308 பேரை 1985-ல் தொடங்கி வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள், மைக்கேல் மார்மட் தலைமையில். ஃபைல் பார்க்கிற ஆட்கள், நம்மைப் போல. வேலையில் ஆதரவு இருந்தவர்களுக்குப் பின்னாளில் மனநலம் கெடுவது குறைவாக இருந்தது என்பது அதில் வந்த முடிவுகளில் ஒன்று. என் கண்ணில் பட்டது முடிவு அல்ல, ஆதரவு என்பதை அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பது. உங்களுக்கு அங்கே உயிர் நண்பன் இருக்கிறானா என்று கேட்கவில்லை. சக ஊழியர் உதவுகிறாரா, வேலையில் ஒரு சிக்கல் என்றால் காது கொடுத்துக் கேட்கிறாரா, மேலதிகாரியிடமிருந்து தேவையான தகவல் வருகிறதா, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாற்றிச் சொல்லாமல் வருகிறதா, இப்படித்தான் கேட்டார்கள். மேனேஜர் ஒழுங்காக விஷயத்தைச் சொல்வதுகூட அதில் ஆதரவுக் கணக்கு. இதற்கு ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம், அப்பா பேரும் வேண்டாம்.

2010-ல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு ஆய்வும் உண்டு, 148 ஆய்வுகள், மூன்று லட்சம் பேருக்கு மேல். உறவுகள் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. வாட்ஸப்பில் இதை ஆபிஸ் நட்போடு முடிச்சுப் போட்டு அனுப்புகிறார்கள், அது மொத்த வாழ்க்கை உறவுகளைப் பற்றியது, அலுவலகத்தைப் பற்றி மட்டும் இல்லை. இருந்தாலும், குடும்பம் ஒரு ஊர், நீங்கள் ஒரு ஊர் என்று இருக்கும்போது முழித்திருக்கிற நேரத்தில் பெரும்பகுதி அந்த ஏழு பேரோடுதானே போகிறது.

எங்கள் வார்டில் நடப்பதைச் சொல்கிறேன். ராத்திரி டூட்டியில் ஒரு சின்னப் பிள்ளை போய்விட்டது என்று வையுங்கள். பேப்பர் வேலை, பெற்றோரை உட்கார வைப்பது, பெட்டைச் சுத்தம் செய்து அடுத்த அட்மிஷனுக்குத் தயார் பண்ணுவது, எல்லாம் நிற்காமல் நடக்கும். காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது, வருகிற சிஸ்டர் "நீ போய் முகம் கழுவிட்டு வா, மிச்சத்த நான் எழுதிக்கிறேன்" என்று பேனாவைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். அந்த சிஸ்டரோடு நான் ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை, வீட்டு விலாசம் தெரியாது. ஆனால் என் கணவரிடம் ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னாலும் புரியாதது அவருக்குச் சொல்லாமலே புரியும். இந்தப் புரிதலுக்கு அதே வார்டில் நின்றிருக்க வேண்டும், வெளியே ஷட்டில் கோர்ட்டில் கிடைக்காது. இதில் மட்டும் மேடத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

தம்பி, தூக்கமின்மையும் வயிற்றைப் பிசைவதும் ரெண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால் அதை பிராஞ்சுக் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போய்க் காட்டுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பாட்னா ரிட்டர்ன்

அந்த பீகார்க்காரப் பையன்களைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே பாஸ். நான் அதே சீட்டில் தலைகீழாக உட்கார்ந்திருந்தவன். புரொபேஷனில் பாட்னா பக்கம் ஒரு பிராஞ்சில் போட்டார்கள், இந்தியில் எனக்கு எண்கள்கூடச் சரியாகத் தெரியாது. கஸ்டமர் "டேட் சௌ" என்றால் எவ்வளவு என்று விரலை விட்டு யோசிப்பேன். (நூற்று ஐம்பது. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.)

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உங்களை ஒதுக்குவதற்காக இல்லை. நாள் முழுக்க அரைகுறை பாஷையில் தடவித் தடவிப் பேசிவிட்டு, ஐந்து நிமிஷம் தப்பில்லாமல் பேச ஒரு ஆள் கிடைத்தால் விடுவார்களா? எனக்கு அங்கே அந்த ஒரு ஆள்கூட இல்லை. ஏப்ரல் வெயிலில் ஒரு நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், கேஷியர் ஒருத்தர் அங்கே "சத்து" என்கிற வறுத்த கடலை மாவில் வெங்காயம், எலுமிச்சை, உப்பு போட்டுக் கரைத்து ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். மறுநாளிலிருந்து தினம் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பேச்சு அப்புறம்தான் வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை.

உங்களுக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்கு சட் பூஜை, நமக்குப் பொங்கல் போல. ஊருக்குப் போக டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு, லீவு கிடைப்பது அதைவிட. இந்த வருஷம் யார் போகிறீர்கள், யார் சீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு மாதம் முன்னாலேயே நீங்களாகப் போய்க் கேளுங்கள். ஆபிசர் ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டார் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். அதற்குப் பிறகு உங்களை வீட்டுக்குக் கூப்பிடாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

ஆர்டர் வெயிட்டிங்

அண்ணே எல்லாரும் ஆபிஸ் ஆபிஸ்னு பேசுறீங்க, எங்களுக்கு ஆபிஸே கிடையாது. சென்னையில் ஃபுட் டெலிவரி ஓட்டுகிறேன். எனக்கு மேனேஜர் ஆப்தான். பக்கத்து சீட் என்றால் பக்கத்தில் நிற்கிற பைக். ஆனாலும் கேட்டுப் பாருங்கள், எங்கள் ஏரியா பிரியாணிக் கடை வாசலில் ஆர்டருக்கு நிற்கிற பசங்கள்தான் எனக்கு எல்லாமே. எந்த அபார்ட்மென்டில் லிஃப்டில் ஏற விட மாட்டார்கள், எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, ஐடி பிளாக் ஆனால் யாரிடம் பேச வேண்டும், அத்தனையும் அங்கேதான். போன மழையில் வண்டி ஆஃப் ஆகி நின்றபோது குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன், ரெண்டு பேர் வந்து காலால் தள்ளிக்கொண்டே மெக்கானிக் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். அவங்களுக்கும் அந்த நேரம் காசுதான்.

2025-ல் அண்ணா நகரில் மாநகராட்சி எங்களுக்கென்று ஏசி ரூம் ஒன்று திறந்தது. ஏசி நல்லா இருக்கு, ஆனால் எனக்குப் பிடித்தது அங்கே உட்கார நாற்காலி இருப்பது. நின்றுகொண்டே பேசுவதற்கும் உட்கார்ந்து பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கு அண்ணே. உங்க ரெகார்டு ரூமில் முதலில் நாலு நாற்காலி போடுங்க.

தாமிரபரணிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போட முடியவில்லை, ஒன்றிரண்டை முயற்சி செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அப்ரைசரிடம் பேசினேன். லெட்ஜர் சார் சொன்னது போலவே, மனிதர் ஒரு தகவல் களஞ்சியம். நான் குடியிருக்கிற மாடிக்கு முன்னால் இருந்தவரும் எங்கள் பேங்க் ஆபிசர்தானாம், ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மா வீட்டுச் சாப்பாடு போடுகிறார் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். டாக்டரையும் பார்த்துவிட்டேன், தூக்கத்துக்கு என்று தனியாகச் சில பழக்கங்கள் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு பேட்ச் பற்றி மேனேஜரிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் சிக்கல் கேஷ் கவுண்டர். எங்களுக்கு இருப்பது ஒரே கவுண்டர், ஹெட் கேஷியர் எழுந்து வந்தால் வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அவர் இன்னும் தனியாகிவிடுவார். தினம் என்னோடு சாவி போடுகிறவரே அவர்தான். அவருக்கு ஒரே மகள், நாமக்கல்லில் பிளஸ் டூ படிக்கிறாள், ஹாஸ்டல். போன வாரம்தான் கேட்டேன்.

நாற்காலி விஷயம் முடிந்தது தம்பி. வவுச்சர் மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் பண்ணியாயிற்று. பழைய மூட்டைகளை ரீஜனல் ஆபிசுக்கு அனுப்புவது என் பொறுப்பில்தான் கிடந்தது.

பழைய லெட்ஜர்

மதியத்தை விடுங்கள் தம்பி, ஒரு கேஷ் கவுண்டர் பிராஞ்சில் அது நடக்காத காரியம். கேஷ் மூடி, எண்ணி, ஸ்ட்ராங் ரூமில் வைத்துப் பூட்டிய பிறகு ஒரு டீ வையுங்கள். அந்த நேரத்தில் ஹெட் கேஷியர் தலையில் இருந்த பாரம் இறங்கியிருக்கும், அவரே வந்து உட்காருவார். பெண் கிளார்க்குக்கு எத்தனை மணி பஸ் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னால் டீ முடிகிற மாதிரி வையுங்கள், நாங்கள் செய்யாமல் விட்டது அது. சப்-ஸ்டாஃபுக்கும் நாற்காலி. அப்ரைசர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். அவர் கமிஷன் ஆள், அவருக்கு எதற்கு என்று யாராவது முணுமுணுப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

டீக் காசை தினம் நீங்களே கொடுக்காதீர்கள். ரெண்டு நாள் கொடுத்தால் அது ஆபிசர் வாங்கித் தருகிற டீ ஆகிவிடும், நீங்கள் லீவு போட்டால் நின்றுவிடும். ஆளுக்கொரு நாள் என்று வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் மேனேஜர் வந்து டார்கெட் பேச ஆரம்பித்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதற்கு என் சர்வீஸ் முழுக்க எனக்கும் வழி கிடைக்கவில்லை.

ரிக்வெஸ்ட் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தையும் மறக்காமல் போட்டு வையுங்கள். மனைவி வேலை பார்க்கும் ஊர் என்பதற்கான சான்றை இப்போதே வாங்கி இணைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அந்த ஒரு பேப்பருக்காகத்தான் எல்லாரும் அலைவார்கள்.